வோல்ட் சரி, மில்லிஆம்பியர் எவ்வளவு?

ஒரு சர்க்யூட் படத்தைக் கையில் கொடுத்தால் பெரும்பாலோர் கண் பெருக்கம் செய்யும் கட்டத்துக்குத்தான் முதலில் போகும். அனலாக் போர்டுகளைச் சரிபார்ப்பதே வேலையாகிப் போனதில், என் கண் இரண்டு கட்டங்கள் சேரும் இடத்தில் நிற்கப் பழகிவிட்டது. அடுத்த கட்டம் இந்த முனையிலிருந்து எவ்வளவு மின்னோட்டம் இழுக்கும், எந்தத் திசையில் இழுக்கும்? இதற்குப் பதில் கிடைக்காமல் நான் மேலே படிப்பதில்லை.

10 வோல்ட்டை இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் பிரித்தால் நடுவில் 5 வோல்ட். அங்கே மின்னோட்டம் இழுக்கும் சுமையாக, அதாவது லோடாக, 5 கிலோ ஓமைக் கட்டினால் 2.5 ஆக இறங்கிவிடும். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் இதே கணக்கு அமிலத்தன்மையை அளக்கும் பிஹெச் மின்முனையில் வரும்போது பலருக்கு அடையாளம் தெரிவதில்லை. அதன் உள்தடை நூறு மெகா ஓம் அளவில் இருக்கும். 10 மெகா ஓம் மல்டிமீட்டரை நேராக வைத்தால் உண்மை மதிப்பில் பதினொன்றில் ஒரு பங்குதான் தெரியும். நல்ல மின்முனையைக் கெட்டுப்போனது என்று ஒதுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மின்முனைக்குப் பக்கத்திலேயே ஃபெட் உள்ளீடு கொண்ட, அதாவது மின்னோட்டம் ஏறக்குறைய இழுக்காத, ஒரு ஆப்-ஆம்ப்பை (பெருக்கி ஐசி) வரும் வோல்ட்டை அப்படியே வெளியே தரும் ஃபாலோயராக வைத்ததும் அளவு சரியாக வந்தது. பெருக்கம் வெறும் ஒன்று. ஆனால் அது இல்லாமல் அந்தக் கருவியே இல்லை.

ஃபாலோயர் போட்டாயிற்று, இனி எதையும் ஓட்டும் என்று நம்புவது அடுத்த சிக்கல். 1968-இல் ஃபேர்சைல்டு வெளியிட்ட 741 என்ற ஆப்-ஆம்ப்பையே எடுத்துக்கொள்வோம். ஃபீட்பேக் (வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பித் தருவது) இல்லாதபோது அதன் வெளியீட்டுத் தடை சுமார் 75 ஓம். பெருக்கமோ இரண்டு லட்சம். ஃபாலோயராகக் கட்டினால், குறைந்த அதிர்வெண்ணில் அந்தத் தடை ஒரு மில்லி ஓமுக்கும் கீழே போய்விடும். இதைப் படித்துவிட்டு 8 ஓம் ஸ்பீக்கரை இணைப்பார்கள். அது தரக்கூடிய மின்னோட்டம் சுமார் 25 மில்லிஆம்பியர்தான். 8 ஓமில் அது 0.2 வோல்ட். வெளியீட்டுத் தடை குறைவு என்பது வேறு, மின்னோட்டம் தரும் பலம் வேறு. ஃபீட்பேக் முதலாவதைத் திருத்தும். இரண்டாவதைத் தொடக்கூட முடியாது.

ஆப்-ஆம்ப்புக்குப் பதில் ஒரே டிரான்சிஸ்டரால் கட்டும் எமிட்டர் ஃபாலோயரில் மின்னோட்டத்தின் திசைதான் விஷயம். என்பிஎன் டிரான்சிஸ்டர் ஒன்று, பிளஸ் மைனஸ் 12 வோல்ட் சப்ளை, எமிட்டரிலிருந்து மைனஸுக்கு 1 கிலோ ஓம், லோடும் 1 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். மேல் பாதி அலை அழகாக ஏறும், ஏனென்றால் டிரான்சிஸ்டர் தள்ளுகிறது. கீழே இழுப்பது ரெசிஸ்டர் மட்டும். டிரான்சிஸ்டர் முழுதாக அணைந்த பிறகும் வெளியீடு மைனஸ் 6 வோல்ட்டுக்குக் கீழே போகாது. ஆசிலாஸ்கோப்பில் அடிப்பாகம் தட்டையாகத் தெரியும். உடனே முந்தைய கட்டத்தின் பயாஸை (சிக்னல் இல்லாதபோது இருக்கும் மின் நிலையை) குடைய ஆரம்பிப்பார்கள், குறை அங்கே இருக்காது. எமிட்டர் ரெசிஸ்டரைக் குறைக்கலாம், ஆனால் சும்மா இருக்கும்போதே சூடு கூடும். ஒன்று தள்ள, மற்றது இழுக்கும் என்பிஎன்-பிஎன்பி ஜோடிதான் நேர்மையான தீர்வு என்பது என் கருத்து.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது கேபிள். மேசையில் அமைதியாக இருந்த ஒரு சென்சார் போர்டு, நீளமான கோஆக்ஸியல் கேபிளை மாட்டியதும் அளவில் தடுமாறியது. எல்லோரும் சென்சாரைச் சந்தேகித்தார்கள். ஆசிலாஸ்கோப்பை வைத்தால், ஃபாலோயர் வெளியீட்டில் யாரும் கொடுக்காத ஒரு வேக அலை! 50 ஓம் கேபிளுக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபாரட் உண்டு. ஆப்-ஆம்ப்பின் உள் தடையும் அந்தக் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து ஃபீட்பேக்கைத் தாமதப்படுத்துகின்றன. ஃபாலோயர் தன் வெளியீடு முழுவதையும் திரும்ப எடுத்துக்கொள்வதால், எளிய இந்த இணைப்புதான் முதலில் தானாகவே அலை எழுப்ப ஆரம்பிக்கும். மருந்து ஒரே ரெசிஸ்டர்: ஃபீட்பேக் எடுக்கும் புள்ளிக்கு வெளியே, கேபிளோடு தொடராக 100 ஓம். மறுமுனையில் 10 கிலோ ஓம் இருந்தால் இழப்பு ஒரு சதவீதம்தான்.

இப்போது போர்டை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு அனலாக் இணைப்பிலும் அந்த ரெசிஸ்டருக்கு இடம் விடச் சொல்கிறேன். தேவைப்படாத இடத்தில் பூஜ்ய ஓம் போட்டுக்கொள்ளலாம். தடத்தை வெட்டி அப்புறம் நுழைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.