சேரன் காசு இல்லை, மாமா

தேய்ந்த காசைக் கையில் வாங்கியதும் எல்லோரும் எழுத்தைத்தான் தேடுகிறார்கள். சின்னக் காசில் எழுத்து விளிம்பை ஒட்டி ஓடும். முதலில் அழிவதும் அதுதான். இல்லாததைத் தேடினால் கண்வலிதான் மிச்சம்.

மாமா ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுத்த செப்புக்காசும் அந்த நிலையில்தான் இருந்தது. கரூர் அமராவதி ஆற்று மணலில் எப்போதோ கிடைத்தது. "சேரன் காசு கண்ணு. வஞ்சி நம்ம ஊர்தானே" என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். கூடவே, புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடும் என்று ஒரு யோசனை. அதை மட்டும் செய்யாதீர்கள் என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். பித்தளைக் குடத்துக்குப் புளி சரி. 1600 வருடச் செம்பில் மிஞ்சியிருக்கும் உருவம் முழுக்க அந்தப் பச்சைக் களிம்பின் மேல்தோலில்தான் இருக்கிறது. புளி அதைத் தின்றுவிட்டால் மிஞ்சுவது ஒரு செம்பு வில்லை.

முதலில் அளவு. குறுக்களவு 13 மில்லிமீட்டர். தெரிந்த நகைக்கடைத் தராசில் 1 கிராம் 90 மில்லி. வட்டம். சங்ககாலச் சேரர் செப்புக்காசுகள் பெரும்பாலும் சதுரம். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் வில்லும் அம்பும். மாக்கோதை என்று பெயர் பொறித்து, தலை உருவத்தோடு வட்டமாக இருப்பது வெள்ளி. இது இரண்டுமே இல்லை.

நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி செக்கிங். ஒரு இஞ்சுக்கு எத்தனை இழை என்று எண்ணும் பிக் கிளாஸ் பையிலேயே கிடக்கும். அதை வைத்துத்தான் பார்த்தேன். ஆனால் லென்ஸைவிட உதவியது வெளிச்சம். ராத்திரி ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்து, பக்கவாட்டில் ஒளி விழும்படி காசை மெல்லத் திருப்ப வேண்டும். நேர் வெளிச்சத்தில் மொழுக்கென்று தெரியும் பரப்பில், சாய்ந்த வெளிச்சம் பட்டதும் மேடு பள்ளம் எழுந்து வரும். ஒவ்வொரு கோணத்திலும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

ஒரு பக்கம் வலப்புறம் பார்க்கும் தலை. அவ்வளவுதான். மறுபக்கம்தான் விஷயம். நிற்கிற உருவம் ஒன்று, இடப்பக்கம் நடக்கிற தோரணை. தோளில் கம்பு மாதிரி ஏதோ. வலது ஓரத்தில், தாழ்வாக ஒரு சின்ன முண்டு. முதலில் மண் ஒட்டியிருக்கிறது என்றுதான் நினைக்கத் தோன்றும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் அந்த முண்டுக்கு ஒரு கை இருக்கிறது, அது மேலே நீண்டு நடக்கிற உருவத்தின் கையோடு சேர்கிறது. இழுத்துக்கொண்டு போகிறாள்! வெற்றித் தேவதை விக்டோரியா, தோளில் வெற்றிச் சின்னம், பின்னால் கைதி. ரோமானியக் காசு. 'சாலஸ் ரெய்பப்ளிகே', அதாவது நாட்டின் நலம் என்று சுற்றிலும் எழுதியிருக்க வேண்டிய வகை. இதை கி.பி. 388 வாக்கில் அடிக்கத் தொடங்கி 5ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அடித்தார்கள்.

கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக்காசுகளை நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி திரட்டிப் பதிவு செய்திருக்கிறார். ஆகவே ஆற்றில் இது கிடைத்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. இந்தக் கூட்டத்தில் நிழலுருவை வைத்தே சொல்லிவிடக்கூடியவை இன்னும் சில உண்டு. குதிரையோடு சரியும் வீரனை இன்னொருவன் ஈட்டியால் குத்துவது 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. மூன்று பேர் வரிசையாக நின்றால் அது ஆர்க்கேடியஸ், ஹொனோரியஸ், இரண்டாம் தியோடோசியஸ் மூவரும் சேர்ந்து அரசாண்ட 406-408 வாக்கில் வந்தது.

சரி, என் காசு எந்த அரசருடையது? தலைப்பக்கத்தில் விளிம்போரம் மூன்று எழுத்து பிழைத்திருக்கிறது: ஐ, வி, எஸ். வந்ததும் வந்தது, இதுதானா வர வேண்டும்! இந்த வகையை அடித்த அரசர்களில் தியோடோசியஸ், ஆர்க்கேடியஸ், ஹொனோரியஸ் மூன்று பெயரும் லத்தீனில் இந்த மூன்று எழுத்தில்தான் முடிகின்றன. அதே காலத்து இன்னொரு அரசரான இரண்டாம் வாலன்டினியன் மட்டும் கணக்கிலிருந்து விலகினார். எந்த ஊர் அக்கசாலையில், அதாவது காசு அடிக்கும் கூடத்தில், அடித்தது என்று சொல்லும் எழுத்துகள் தேவதையின் காலடியில் இருக்கும். அந்த இடம் சுத்தமாகப் போய்விட்டது. இலங்கையில் இந்தக் காலத்து ரோமானியக் காசுகளைப் பார்த்து உள்ளூரிலேயே அடித்தவையும் ஏராளம். ஆனால் லத்தீன் எழுத்து இவ்வளவு ஒழுங்காக இருப்பதால் இது ரோமானிய அக்கசாலையில் அடித்ததுதான் என்பது என் கணிப்பு. அதற்கு மேல் இந்தக் காசிடம் கேட்க முடியாது. ஏதாவது ஒரு பேரைச் சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்காகத் தியோடோசியஸ் என்று எழுதிவைக்க எனக்கு மனசில்லை.

மாமாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "ரோமாபுரிக்காரன் காசுன்னா விலை கூடத்தானே?" என்றார். இவ்வளவு தேய்ந்த சின்னச் செப்புக்கு யாரும் பெரிதாகக் கொடுக்க மாட்டார்கள் என்றேன். டப்பாவில் இன்னொரு காசு இருக்கிறது, சதுரம். அதையாவது சேரன் என்று சொல்லித் தொலை என்கிறார். ஒரு பக்கம் யானை மாதிரி இருக்கிறது. மறுபக்கம் மீனா வில்லா என்று பார்க்க வேண்டும். மீனாக இருந்தால் பாண்டியன். அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.