சவாரி

"சவாரில இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்." ஆட்டோ அண்ணன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பின்சீட்டில் எனக்கு மனசு அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டது.

பாரசீகத்திலிருந்து வந்தது. சவார் என்றால் குதிரையில் போகிறவர். பழம்பாரசீகத்தில் அசபாரா. அச என்பது குதிரை; நம்மிடம் வழங்கும் அசுவத்துக்கும் அதுவே உறவு. பாரா என்றால் சுமக்கப்படுபவர். ஆக, குதிரை சுமந்து போகும் ஆள். பாரத்தையெல்லாம் குதிரை தாங்குகிறது என்பதைச் சொல்லே ஒத்துக்கொள்கிறது, எவ்வளவு நேர்மை!

ஈரானில் நக்ஷ்-இ-ருஸ்தம் பாறைக் கல்லறையில், சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் பாரசீகப் பேரரசர் முதலாம் தாரியஸ் தன்னை நல்ல குதிரைவீரன் என்று பொறித்துக்கொண்டது இந்தச் சொல்லால்தான்.

முகலாயர் படையில் சவார், ஆங்கிலேயர் குதிரைப்படையிலும் சவார்.

இன்றைக்கு ஆட்டோ, மாட்டுவண்டி எல்லாமே சவாரிதான். மெரினாவில் 'குதிரை சவாரி' என்று கூப்பிடும்போது மட்டும் குதிரை இரண்டு தடவை வந்துவிடுகிறது.