புல்தரையைப் பெயர்த்துவிட்டுப் பொடுதலை போட்டோம்

டெல்டாவில் வீட்டு வாசலிலும் மண்டப வாசலிலும் கார்பெட் புல் வளர்க்கிற பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கேட்கிறவர்களிடமெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது எழுதியே வைத்துவிடுகிறேன். பங்குனி மாதம் மத்தியான வேளையில் மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். ரெண்டு பக்கமும் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், வாய்க்காலில் ஒரு சொட்டு இருக்காது, பாமணியாற்றில் ஆடு மேயும். அதற்கு நடுவில் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தின் முன்னால் ஸ்பிரிங்ளர் சுற்றிக்கொண்டிருக்கும். உச்சி வெயிலில் தெளிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு புல்லுக்கே போய்ச் சேராது என்பது விதைத்து அறுத்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் வாயைத் திறப்பதில்லை.

புல் எவ்வளவு குடிக்கிறது என்று ஒரு தடவை உட்கார்ந்து கணக்குப் போட்டால் மனசு ஆறாது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். நம் ஊர்க் கோடையில் பச்சையாக வைத்திருக்கிற புல்தரையிலிருந்து நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டராவது ஆவியாகப் போய்விடும். ரெண்டு சென்ட் புல்தரை என்றால் சுமார் 80 சதுர மீட்டர், ஆக ஒரு நாளைக்கு 400 லிட்டர். கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் குழாய்த் தண்ணீர் கொடுக்கவேண்டும் என்பதுதான் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. ஏழு பேர் குடித்துக் குளித்துச் சமைக்கிற தண்ணீரை ரெண்டு சென்ட் புல் குடித்துவிடுகிறது. அதுவும் ஓஸ் பைப்பை ஒரு மூலையில் போட்டுவிட்டு உள்ளே போய் வேறு வேலை பார்க்கிற வீடுகளில் இந்தக் கணக்கெல்லாம் நிற்காது, இன்னும் மேலே போகும்.

ஆற்றுத் தண்ணீர் நிலவரம் என்னவென்று டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடவேண்டும் என்பது கணக்கு. 2023-ல் சரியாக ஜூன் 12-லேயே திறந்தார்கள், ஆனால் அக்டோபரிலேயே மூடும்படி ஆகிவிட்டது, கடைமடையில் குறுவை கருகியதை நாமே பார்த்தோம். 2024-ல் திறந்ததே ஜூலை 28-ல்தான். ஆற்றில் தண்ணீர் வராத நாளெல்லாம் போர்வெல்தான் கதி. கடற்கரைப் பக்கம் போகப் போக அந்தப் போர்த் தண்ணீரும் உப்பாகிக்கொண்டே வருகிறது. இப்படிப்பட்ட ஊரில் நிலத்தடித் தண்ணீரை ஏற்றி வெறும் அழகுக்குப் புல்லில் ஊற்றுவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எங்கள் வீட்டிலும் இருந்தது. அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார், வீடு கட்டும்போது முன்னால் புல் வேண்டும் என்று ஆசைப்பட்டார், நர்சரிக்காரர் வல்லம் பக்கத்துச் செம்மண் ஒரு லோடு கொண்டுவந்து கொட்டி, அதன்மேல் கொரியன் புல்லைத் துண்டு துண்டாகப் பதித்துவிட்டுப் போனார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் போரில் தண்ணீர் கீழே போய், மோட்டார் காற்றை இழுக்க ஆரம்பித்த கோடையில் அவருக்குப் போன் போட்டேன்.

"புல்லை எடுத்துடலாம்ணே."

"எடுத்துட்டு என்னடா பண்ணுவ? பேவர் பிளாக் போட்டுடுவியா? சூடு தாங்காதுடா, அம்மா எப்படி வெளியில உட்காரும்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. புல்லை எடுக்கிற வீடுகளில் முக்கால்வாசி அடுத்து பேவர் பிளாக்தான் போடுகிறார்கள். அதற்குப் புல்லே தேவலாம். ஐப்பசி கார்த்திகையில் கொட்டுகிற மழையில் ஒரு சொட்டு மண்ணுக்குள் இறங்காமல் எல்லாம் தெருவுக்கு ஓடும், தெரு முழுக்க முழங்கால் தண்ணீர் நிற்கும், அப்புறம் தை பிறந்ததும் போரில் தண்ணீர் இல்லை என்று பேசிக்கொண்டிருப்போம். அதனால் சிமெண்ட் எதுவும் இல்லை, பச்சை இருக்கும், ஆனால் தண்ணீர் கேட்காது என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். அவரும் சரி என்றார்.

புல்லைப் பெயர்த்தபோதுதான் அதன் குணம் நன்றாகப் புரிந்தது. மண்வெட்டியைச் சாய்த்துப் போட்டு இழுத்தால் பாய் மாதிரி சுருண்டு வந்தது. வேர் எல்லாம் மேலே கொட்டிய செம்மண்ணில், நாலு விரற்கடைக்குள்ளேயே பின்னிக் கிடந்தது. அதற்குக் கீழே நம் ஊர்க் களிமண் கன்னங்கரேலென்று, ஈரத்தோடு, ஒரு வேர்கூடத் தொடாமல் அப்படியே இருந்தது. தினமும் தண்ணீர் ஊற்றி ஊற்றி வேரை மேலேயே வைத்திருந்திருக்கிறோம். கீழே ஈரம் இருக்க, மேலே புல் தாகத்தில் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது.

அந்த இடத்தில் என்ன போடுவது என்று எங்கும் போய்த் தேடவில்லை. வாய்க்கால் கரைக்குப் போனேன். பொடுதலை எப்போதும் அங்கேதான் கிடக்கிறது. சின்னச் சின்ன இலை, ஓரத்தில் ரம்பப் பல், காம்பு நுனியில் திப்பிலி போல ஒரு பூங்கொத்து, அதைச் சுற்றி வளையமாக வெள்ளையும் ஊதாவுமாகப் பூ. துவையல் அரைப்போம், பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவோம், அதற்குமேல் அதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கார்த்திகையில் கரை மூழ்கித் தண்ணீரில் கிடக்கும், சித்திரையில் அதே இடம் பாறையாக இறுகி வெடிக்கும், இரண்டுக்கும் அது சாகாது. டெல்டாவில் ஒரு செடிக்கு இதைவிட வேறு என்ன தகுதி வேண்டும்?

சாக்கில் அள்ளிக்கொண்டு வந்து கணுவோடு கிள்ளி, ஒரு சாண் இடைவெளியில் ஊன்றினோம். கூட வேலைக்கு வந்த பெரியம்மா, "ஏந்தம்பி, வரப்புல கெடக்கறத வாசல்ல நட்டா ஊர்ல என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டார். ஆனால் அவர்தான் எனக்கு ஒரு விஷயமும் சொல்லிக்கொடுத்தார். கொடியின் நுனியை மேலே விட்டு, கணுவில் மண்ணை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தவேண்டும், கணு மண்ணைத் தொட்டால்தான் வேர் விடும், சும்மா சொருகி வைத்தால் காற்றில் ஆடியே காய்ந்துபோகும். அவர் கைபட்ட வரிசைதான் முதலில் பிடித்தது. புரட்டாசியில் நட்டதால் ஆரம்பத்தில் கொஞ்சம் கைத்தண்ணீர், அப்புறம் மழை பார்த்துக்கொண்டது. பொங்கல் சமயத்தில் மண் தெரியவில்லை. இப்போது கோடையில், இலை சுருங்குகிற மாதிரி தெரிந்தால் மட்டும் தண்ணீர் காட்டுகிறோம். அறுக்கிற மெஷின் வேலையே இல்லை.

இதில் எனக்கு ஆச்சரியமாக இருந்த விஷயம் ஒன்று. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் கடும் வறட்சி வந்தபோது, 2015 ஏப்ரலில் அப்போதைய ஆளுநர் ஜெரி பிரவுன் நகரத் தண்ணீரில் 25 சதவீதம் குறைக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார், ஐந்து கோடி சதுர அடிப் புல்தரையை எடுத்துவிட்டு வறட்சி தாங்கும் செடிகளை வைக்கவேண்டும் என்பதும் அதில் இருந்தது. புல்லை எடுத்தால் சதுர அடிக்கு இவ்வளவு என்று தண்ணீர் வாரியங்கள் காசும் கொடுத்தன. அங்கே புல்லுக்குப் பதிலாக விற்கப்படுகிற செடிகளில் ஒன்று குராபியா. ஜப்பானில் தேர்ந்தெடுத்து வளர்த்த ரகம். அது வேறு எதுவும் இல்லை, நம் பொடுதலை இனம்தான். தட்டுத் தட்டாகக் காசு கொடுத்து வாங்கி நடுகிறார்கள். நாம் வரப்பில் மிதித்துக்கொண்டு போகிறோம்.

அந்த ஊர்க்காரர்களின் கஷ்டமும் நமக்கு அந்நியமில்லை. கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன, 1922-ல் போட்ட ஒப்பந்தம். நம் காவிரிக்கு 1924. லாஸ் வேகாஸ் இருக்கிற நெவாடாவில் 2021-ல் ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். அலுவலக முகப்பு, சாலை நடு, கட்டட ஓரம் என்று யாரும் கால் வைக்காத அலங்காரப் புல்லுக்குக் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் 2027-லிருந்து கிடையாது. தனி வீட்டுப் புல்லையும் பூங்காவையும் விளையாட்டு மைதானத்தையும் தொடவில்லை. இது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. குழந்தை ஓடுகிற புல் வேறு, போர்டுக்குக் கீழே பச்சையாகத் தெரியவேண்டும் என்பதற்காக வைத்த புல் வேறு.

ஆனால் அவர்கள் தோட்டத்தை அப்படியே பார்த்து இங்கே வைப்பதைத்தான் தயவுசெய்து செய்யாதீர்கள் என்கிறேன். படத்தில் பார்த்துவிட்டு, நெகிழித்தாள் விரித்து, வெள்ளைக் கூழாங்கல் கொட்டி, நடுவில் நாலு கள்ளிச்செடி வைக்கிறார்கள். அது பாலைவனத்துத் தோட்டம். நமக்கு வருஷத்தில் நாலைந்து மாசம்தான் வறட்சி, அதற்கு முன்னால் ஐப்பசியும் கார்த்திகையும் இருக்கின்றன. களிமண்ணில் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கும், கள்ளி அடியிலிருந்து கொழகொழவென்று அழுகிவிடும். கூழாங்கல்லோ பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கும் திண்ணையில் உட்கார விடாது. ஊறவும் வேண்டும், காயவும் வேண்டும், இரண்டையும் தாங்குகிற செடிதான் களிமண் நிறைந்த பழைய டெல்டாவுக்குச் சரிப்படும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் செம்மண் மேடு என்றால் கதை வேறு, அங்கே ஆவாரை, கற்றாழை எல்லாம் தாராளமாக வைக்கலாம்.

வேலியோரம் நொச்சி வைத்திருக்கிறோம். ஆற்றங்கரையில் வெள்ளத்தில் நின்று பழகிய செடி, கோடைக்கும் அசராது, ஆடு மாடு வாய் வைக்காது, சளி பிடித்தால் வேது பிடிக்க இலை, நெல் குதிரில் பூச்சி வராமல் போடவும் அதே இலை. குச்சியை வெட்டி ஊன்றினாலே போதும். பக்கத்தில் ஆடாதொடை. தண்ணீர் வடிகிற மூலையில் வெட்டிவேர், அதன் வேர் நேராகக் கீழே இறங்கும், புல்லைப் போல மேலேயே நின்று கையேந்தாது. நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ எல்லாம் அம்மாவின் பூஜைக்கு. நித்தியகல்யாணியை மட்டும் மேடு கட்டி வையுங்கள், அடியில் தண்ணீர் நின்றால் அதற்கு ஆகாது. அரளி நன்றாகத் தாங்கும், ஆனால் விஷம், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வேண்டாம்.

நிழலுக்கு ஒரு புங்கன். கஜா புயல் 2018 நவம்பரில் அடித்துப் போட்டதிலிருந்து எங்கள் பக்கம் வீட்டு முன்னால் மரம் என்றாலே பயப்படுகிறார்கள், அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்து கிடந்த காலையைப் பார்த்தவர்களிடம் வாதம் பண்ண முடியாது. சுவரிலிருந்து தள்ளி வைத்து, வருஷா வருஷம் மழைக்கு முன்னால் கிளை கழித்துவிட்டால் போதும் என்பது என் அபிப்பிராயம். நிழல் விழுந்த மண் காய்வதே இல்லை.

செடிகளுக்கு அடியில் தேங்காய் மட்டை புதைத்தோம். குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மேலே மண் மூடவேண்டும். மழைத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல விடும். தென்னைக்குச் செய்வதுதான், பூச்செடிக்கும் அப்படியே ஒத்துவருகிறது. மேலே வைக்கோல் மூடாக்கு. மாடியிலிருந்து இறங்குகிற மழைக் குழாயைத் தெருவுக்கு விடாமல் தோட்டத்துக் குழிக்குத் திருப்பினோம். சமையலறைத் தண்ணீர் கல்வாழைப் பாத்தி வழியாக வாழைக்குப் போகிறது. இதெல்லாம் கொல்லையில் நம் பாட்டிகள் செய்த ஏற்பாடுதான், முன்வாசலுக்கு வந்திருக்கிறது, அவ்வளவே.

பாம்பு வராதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வீட்டுச் சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு எதுவும் வைக்காமல் கெட்டி மண்ணாக விட்டிருக்கிறோம், காலையில் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிற இடமும் அதுதான். பொடுதலை தரையோடு படர்கிறது, புதராக எழும்பாது. பூ இருக்கிற பருவத்தில் தேனீ நிறைய வரும், அப்போது வெறுங்காலோடு பிள்ளைகளை ஓடவிடாதீர்கள். பிள்ளைகள் விளையாடத்தான் புல் வேண்டும் என்றால் அருகம்புல் இருக்கிறது. கோடையில் பழுத்துப்போகும், முதல் மழைக்கு எழுந்துவிடும். பழுத்ததைப் பார்த்து உடனே தண்ணீர் பாய்ச்சாமல் இருக்கிற மனசு மட்டும் நமக்கு வேண்டும்.

வீடுகளைவிட மண்டபங்களும் கல்லூரிகளும் பைபாஸ் ஓட்டல்களும்தான் இதில் முதலில் இறங்கவேண்டும். ஒரு மண்டபத்தின் முன்பக்கமே பத்து சென்ட், இருபது சென்ட் இருக்கும், அதில் யாரும் நடப்பதுகூட இல்லை. முன்பணம் கொடுக்கப் போகும்போது, புல்லுக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அவர்கள் யோசிப்பார்கள். நகராட்சி ரவுண்டானாக்களில் பொடுதலையும் நொச்சியும் வைக்கச் சொல்லி மனு கொடுக்கலாம் என்று இங்கே சில பேர் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நாற்றுக்கு நர்சரியில் அலையவேண்டாம், எந்த வாய்க்கால் கரையிலும் கிடைக்கும். புரட்டாசியில் முதல் மழை விழுந்து மண் இளகியதும் எடுங்கள், களைக்கொல்லி அடித்த வரப்பா என்று நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள், ஏனென்றால் அப்படிப்பட்ட கொடி பார்க்கப் பச்சையாக இருந்தாலும் நட்ட பிறகு மஞ்சளாகிச் சுருண்டுவிடும். மன்னார்குடிப் பக்கம் இருப்பவர்கள் எங்கள் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம், வரும்போது ஒரு சாக்கும் கொஞ்சம் ஈரத்துணியும் கொண்டுவாருங்கள்.