வைக்கோலுக்குள் ஒரு வாரம்

மும்பை சயானில் அக்கா வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் நாலு டஜன் ஹாபுஸ் மாங்காய். நாம் அல்போன்சா என்பதை மும்பையில் ஹாபுஸ் என்றுதான் கேட்டு வாங்க வேண்டும். மே மாதத்தில் ஒரு வாரம் அங்கே இருந்தேன். எங்கே போனாலும் மனசு அந்தப் பெட்டியில்தான் கிடந்தது.

பெட்டி வாங்க கிராஃபோர்டு மார்க்கெட் போனது திங்கட்கிழமை. ஆபீஸ் கூட்டம் குறைந்த பிறகு பத்தரை மணிக்கு லோக்கல் ரயில் ஏறினோம். பெண்கள் பெட்டி. ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மாவிடம் அக்கா இந்தியில் "எங்கே இறங்குவீங்க?" என்று கேட்டாள். "தாதர்" என்றார் அவர். அவ்வளவுதான், அந்த இடம் எங்களுக்கு உறுதியாகிவிட்டது. தாதரில் அவர் எழுந்ததும் அக்கா என்னைத்தான் உட்காரச் சொன்னாள், வண்டி போகும் திசையைப் பார்த்த இருக்கையில். பரேல் தாண்டி வேகம் எடுத்தபோது காற்று முகத்தில் அடித்தது. கழுத்தில் வழிந்த வேர்வை குளிர்ந்து காய்வது தெரிந்தது. மும்பை வெயில் எண்ணிக்கையில் நம் ஊரைவிடக் குறைவு. ஆனால் கடல் ஈரம் உடம்பை விட்டு இறங்காது. அதனால்தானோ என்னவோ, அந்தக் காற்றுக்கு அப்படி ஒரு ருசி. கடைசி ஸ்டேஷனான சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) வரும்வரை நான் வாயே திறக்கவில்லை.

கிராஃபோர்டு மார்க்கெட் 1869இல் கட்டி முடித்த கட்டடம். வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கிய உழவர்கள் நிற்கிறார்கள். எழுத்தாளர் ருட்யார்டு கிப்ளிங்கின் அப்பா லாக்வுட் கிப்ளிங் செய்தவை. மொத்த வியாபாரம் 1996இல் நவி மும்பை வாஷிக்குப் போய்விட்டாலும், மாம்பழக் காலத்தில் இங்கே பெட்டிகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அக்காவுக்கு வழக்கமான கடை ஒன்று உண்டு. கடைக்காரர் வைக்கோலை விலக்கி, ஒரு காயையும் அமுக்காமல், காம்புப் பக்கத்தை மட்டும் முகர்ந்துவிட்டு நீட்டினார். பச்சையாக, கல் மாதிரி இருந்தது. பழமே அங்கே குவிந்திருக்க, காயை ஏன் வாங்க வேண்டும் என்று கேட்டேன்.

"கார்பைடு போட்டதுன்னா நிறம் இருக்கும், மணம் இருக்காது. நம்ம வீட்ல பழுத்தா நமக்குத் தெரியும்லா" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் பெட்டியை இழுத்து, ஒவ்வொரு காயாகத் திருப்பி வைப்பது என் வேலை. செவ்வாய்க்கிழமை வைக்கோல் வாசனைதான் வந்தது. புதன்கிழமை லேசாக ஒரு புளிப்பு மணம். அழுத்திப் பார்க்கக் கை போனது. "ஏட்டி, அமுக்காத. மூக்கு சொல்லும்" என்றாள் அக்கா.

காலை ஏழு மணிக்குத் தெருவில் 'பாம் பாம்' என்று ஹாரன் கேட்கும். தலையில் அலுமினியப் பாத்திரத்தோடு இட்லிக்காரர் வருவார். தாராவியிலிருந்து கிளம்பி வருகிறவர். அவர் மராத்தியில் ஒரு வீட்டுக்குக் கணக்குச் சொல்லிவிட்டுத் திரும்பியபோது "எந்தூரு அண்ணாச்சி?" என்றேன். "நாங்குநேரிப் பக்கம்" என்று சொல்லிவிட்டு, என் தட்டில் தேங்காய்ச் சட்டினியை இன்னொரு கரண்டி ஊற்றினார். அடுத்த நாளிலிருந்து ஹாரன் சத்தத்துக்கு முன்னாலேயே படியிறங்கி நின்றேன்.

இட்லி தின்ற பிறகு மாட்டுங்கா பக்கம் நடை. பெருங்கொன்றை பூத்திருந்த நாட்கள் அவை. நிறுத்தியிருந்த டாக்சிகளின் கூரையெல்லாம் மஞ்சள், நடைபாதையும் மஞ்சள். துப்புரவுத் தொழிலாளர்கள் கூட்டுவதற்கு முன்னால் போனால்தான் அதைப் பார்க்க முடியும். கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள பழைய வீடுகள் மூன்று நான்கு மாடிதான். வளைந்த பால்கனி, அகலமான தெரு, நடுவே பூங்கா. இந்த விசாலம் வந்த காரணத்தை அத்தான்தான் சொன்னார். 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. நெருக்கமான, காற்று நுழையாத வீடுகளில் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அதன்பிறகு 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைத்து, வடக்கே தாதர், மாட்டுங்கா, சயான் என்று புதுப் பகுதிகளைத் திட்டமிட்டார்கள். காற்றும் வெளிச்சமும் வர வேண்டும் என்பதே நோக்கம். அப்படி வந்தவைதான் இந்தத் தெருக்கள். அதைக் கேட்ட பிறகு அங்கே பால்கனியில் துணி உலர்த்தும் ஒரு பாட்டியைப் பார்த்தால்கூட, அவர் முகத்தில் படும் காற்று யார் யாரோ பட்ட துன்பத்துக்குப் பிறகு கிடைத்தது என்ற நினைப்பு வந்தது.

நடந்து களைத்தால் மாட்டுங்கா ஸ்டேஷன் அருகே ராமாஷ்ரயா ஹோட்டல். 1939இலிருந்து இருக்கும் கடை. வரிசையில் நின்று, நம் கேசரி மாதிரியான அன்னாசி ஷீராவும் ஃபில்டர் காபியும் சாப்பிட்டோம். பக்கத்துச் சந்தில் மல்லிகை வாங்கி, ஈரத் துணியில் சுற்றி எடுத்துவந்தோம்.

மத்தியானம் வெளியே போகவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேல் மேற்கிலிருந்து கடற்காற்று திரும்பும். அது நேரத்துக்கு வந்தால் வெயில் அடங்கும், தாமதமானால் சூடு ஏறிக்கொண்டே போகும். வியாழக்கிழமை தாமதமானது. அக்கா ஜன்னல் திரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இரண்டு மணிவாக்கில் திரை ஒருமுறை உப்பி அடங்கியது. "வந்துட்டு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

சாயங்காலம் நுங்கு. அங்கே தாட்கோளா என்கிறார்கள். உரித்து, டஜன் கணக்கில் விற்கிறார்கள். நம் ஊரில் காயைச் சீவித் தந்ததும் கட்டைவிரலை விட்டுத் தோண்டுவோமே, அந்தச் சுகம் இதில் இல்லை. அது எனக்குக் குறைதான். ஆனால் மெல்லிய தோலோடு அதைக் கடித்து, உள்ளேயிருந்த நீர் நாக்கில் வழிந்தபோது ருசி என்னவோ நம் பனங்காட்டு ருசியேதான்.

வெள்ளிக்கிழமை மரீன் டிரைவ் போனோம். கல்சுவரில் உட்கார்ந்து, பொழுது இறங்கும்வரை பேசினோம். கல்யாணமாகி அக்கா இங்கே வந்து பதினாறு வருஷம். அவளும் நானும் மட்டுமாக இப்படி உட்கார்ந்ததே இல்லை.

சனிக்கிழமை விடிகாலை மணத்தில்தான் முழித்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து எழுந்து அறை முழுக்க நின்றது அது. பெட்டியை இழுத்தேன். பதினோரு பழங்கள் காவி மஞ்சளாக மாறியிருந்தன, இரண்டில் தோல் லேசாகச் சுருங்கியிருந்தது. "சுருக்கம் விழுந்ததை முதல்ல எடு" என்று அக்கா அடுக்களையிலிருந்து சத்தம் கொடுத்தாள். தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, தரையில் பேப்பர் விரித்து நாலு பேரும் உட்கார்ந்தோம். அத்தான் கத்தியை எடுத்தார். அக்கா மகன் காத்திருக்காமல் தோலைக் கடித்து உரித்து, முழங்கை வரை சாறு ஒழுகத் தின்றான். நானும் கத்தியை விட்டுவிட்டேன். நாரே இல்லை. கொட்டையைச் சப்பி முடிக்கும்வரை யாரும் பேசவில்லை.

ஞாயிறு ரயில். பழுக்காத ஒரு டஜனை அக்கா வைக்கோலோடு அட்டைப்பெட்டியில் கட்டித் தந்தாள். வழியெல்லாம் இருக்கைக்கு அடியில் கைவிட்டு, பெட்டி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டில் அம்மா கயிற்றை அவிழ்த்தாள். பழத்தைத் தேடவில்லை. ஒரு பிடி வைக்கோலை எடுத்து முகர்ந்துவிட்டு, "அவ வீட்டு வாசமும் இருக்குட்டி" என்றாள்.