தேம்ஸிலிருந்து கடலுக்கு: படகு ரெடி, பேப்பர் ரெடியில்லை

ஆற்றில் ஓட்டும் படகைக் கடலுக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் முதலில் இன்சூரன்ஸ் பாலிசியில் எந்தத் தண்ணீர் வரை செல்லும் என்ற வரியைப் பாருங்கள். எங்கள் கோடையில் பாதியை அந்த வரிதான் விழுங்கியது.

படகு கிங்ஸ்டனில் நிற்கிறது. ஆற்று உரிமமும் நான்கு வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் பாதுகாப்புச் சான்றும் கையில் இருந்தன. கடல் ஏற்றவற்றம் எட்டும் எல்லையான டெடிங்டன் லாக் (நீர்மட்டம் மாற்றும் மதகு) தாண்டி, லண்டன் வழியாக இறங்கி, கடலோர ஊரான ராம்ஸ்கேட் வரை போவதாக நானும் மைத்துனனும் பேசி வைத்திருந்தோம். இன்சூரன்ஸுக்குப் போன் போட்டேன். "எல்லாம் சரியா இருக்கு, போயிட்டு வாங்க" என்றார் எடுத்தவர். எழுத்தில் கேட்டேன். வந்த மின்னஞ்சல் வேறு கதை சொன்னது: பாலிசி உள்நாட்டு நீர்வழிகளுக்கு மட்டும், கடலோரத்தையும் சேர்க்க வேண்டுமானால், படகு பழையது என்பதால், கரையேற்றிப் பார்த்த சர்வே அறிக்கை தேவை. போன் பேச்சை நம்பிக் கிளம்பி, ராம்ஸ்கேட்டுக்கு முன்னால் மார்கேட் கடலோரத்தில் தரைதட்டியிருந்தால் ஒரு பென்னி தேறியிருக்காது. எதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்து, படகைக் கரையேற்றும் யார்டு. கிரேனுக்கு நாள் குறித்து, சர்வேயரையும் வரவழைத்தால், அன்று காலை கிரேன் வேறு படகுக்குப் போய்விட்டது. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சர்வேயர் வந்து போனதற்கான பணம் எங்கள் தலையில். இன்னும் ஆறவில்லை எனக்கு.

ஆனால் அந்த சர்வேயர் கெட்டிக்காரர். பிறகு ஒருவழியாகப் படகைக் கரையேற்றியபோது, அடித்தளத்தில் தண்ணீர் உள்ளே வரும் பித்தளை வால்வைக் கத்தியால் லேசாகச் சுரண்டிக் காட்டினார். மஞ்சள் இல்லை, செம்பு மாதிரி இளஞ்சிவப்பு. துத்தநாகம் கரைந்து உலோகம் சோடை போய்விட்டது என்று அர்த்தம். உப்புத் தண்ணீரில் இது இன்னும் வேகமாக அரிக்கும். வெண்கல வால்வு மாற்றினோம்.

ரேடியோவையும் பாருங்கள். தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் தரும் கப்பல் ரேடியோ உரிமம் ஆன்லைனில் இலவசம், சுலபம். சிக்கல் அதில் வரும் 9 இலக்க எம்எம்எஸ்ஐ எண்ணில், அதாவது ரேடியோவில் படகை அடையாளம் காட்டும் எண்ணில். எங்களுக்குப் படகை விற்றவர், தன் முந்தைய படகின் ரேடியோவைக் கழற்றி இதில் மாட்டியிருந்தார். ஆபத்தில் உதவி கேட்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கடலோரக் காவலுக்கு அந்தப் படகின் எண்தான் போகும்! எங்கள் ரேடியோவில் எண்ணை ஒருமுறைதான் பதிய முடியும். அழிக்க சர்வீஸ் சென்டருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. பழைய படகு வாங்கினால் ரேடியோ திரையில் வரும் எண்ணை உரிமத்தோடு ஒப்பிடுங்கள்.

கிழக்கு லண்டனின் லைம்ஹவுஸ் வரை வற்றத்தோடு அலுங்காமல் வந்தோம். மறுநாள் தேம்ஸ் தடுப்பணைக்கு முன் ரேடியோவில் சானல் 14-ல் நானே அழைத்துப் படகின் பெயர் சொல்லி, எந்த இடைவெளி வழியாகப் போக வேண்டும் என்று கேட்டு, பச்சை அம்பு எரிந்த வழியில் நுழைந்தபோது மைத்துனன் கைதட்டினான். எனக்கும் நெஞ்சு நிறைந்தது.

ஷியர்னெஸ் அருகே ரிச்சர்ட் மான்ட்கோமரி கப்பல் 1944-இல் மூழ்கிய இடத்தைச் சுற்றி மிதவைகள் போட்டிருக்கிறார்கள். உள்ளே இன்னும் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள் இருக்கிறது. கிட்டே போகவே கூடாது. பக்கத்தில் உள்ள குவீன்பரோவில் இரவு தங்கினால் ராம்ஸ்கேட்டுக்கு ஏற்ற நீரோட்டத்தைப் பார்த்துக் கிளம்பலாம். ராம்ஸ்கேட்டிலும் துறைமுகத்துக்குள் நுழைய சானல் 14-ல்தான் அனுமதி கேட்க வேண்டும், கேட்டதும் தந்தார்கள்.

சர்வேயைக் குளிர்காலத்திலேயே முடித்துவிடுங்கள். வசந்தம் வந்தால் யார்டில் கிரேன் கிடைப்பது குதிரைக்கொம்பு.