பேனல் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்

பழைய மடிக்கணினியில் நேற்று லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டேன். 4 ஜிபி ராம்தான் என்பதால் கனம் குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. முதலில் பென்டிரைவிலிருந்து லைவாக, அதாவது கணினியில் நிறுவாமலே, ஓட்டிப் பார்த்தேன். நல்ல வேளை, வைஃபை வேலை செய்யாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. கைபேசியை யுஎஸ்பி வழியாக இணைத்து டெதரிங் போட்டதும் இணையம் வந்தது. வைஃபைக்கு வேண்டிய டிரைவரைத் தேடிப் போடுவதை மின்டின் டிரைவர் மேனேஜர் பார்த்துக்கொண்டது.

நிறுவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அலங்காரம்தான் இரவு 2 மணி வரை இழுத்தது. பேனலை, அதாவது மெனு இருக்கும் பட்டையை, கீழிருந்து இடப்பக்கம் மாற்றினேன், ஐகான்களை மாற்றினேன், எழுத்துருவை மூன்று முறை மாற்றினேன். அப்புறம் பேனலைத் திரும்பக் கீழேயே கொண்டுவந்தேன். எதற்கு இந்த வேலை என்று வீட்டில் கேட்டார்கள்; பதில் இல்லை.

உருப்படியாகச் செய்தது என்றால், ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகை. இந்தப் பதிவே அதில் தட்டியதுதான். என் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டருக்கு வட்டில் தனிப் பார்டிஷன் (பகுதி) கொடுத்திருக்கிறேன். அடுத்த முறை சிஸ்டத்தை அழித்துப் போட்டாலும், அதை மட்டும் ஃபார்மட் செய்யாமல் விட்டால் என் கோப்புகள் அப்படியே இருக்கும்.

சிஸ்டம் கெட்டால் பழைய நிலைக்குத் திருப்ப, டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் ஒரு ஸ்னாப்ஷாட்டும் எடுத்தாயிற்று. சரி, இனி தைரியமாகக் கெடுக்கலாம்.