விரல்ல தசை இல்லையாம்

போன வாரம் அக்கா பொண்ணு எக்ஸாமுக்கு பயாலஜி உருப்போட்டுட்டு இருந்தா. எபிதீலியல் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசுன்னு நாலு பேரையும் ஒரே மூச்சுல சொல்லி முடிச்சுட்டு, "சித்தி, இதெல்லாம் நம்ம உடம்புல எங்க எங்க இருக்கு, ஒரு எக்ஸாம்பிள் சொல்லேன்"னு கேட்டா. நான் என் இடது கை ஆள்காட்டி விரலை நீட்டினேன். இந்த விரலைப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுட்டே இருந்தது, இப்பதான் கை வருது.

நடந்தது இதுதான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி சிங்க்ல கண்ணாடி டம்ளர் கழுவிட்டு இருந்தேன், உள்ள கையை விட்டுத் தேய்க்கும்போது பட்டுனு உடைஞ்சு விரலோட அடிப்பக்கத்துல, உள்ளங்கைய ஒட்டின இடத்துல வெட்டிடுச்சு. பாத்தா ரெண்டு சென்டிமீட்டர் கூட இருக்காது. முதல்ல ரத்தம் பீச்சி அடிச்சுது, துணியை வெச்சு அழுத்திப் பிடிச்சேன், கொஞ்ச நேரத்துல அதுவாவே குறைஞ்சிடுச்சு, அட பெருசா ஒண்ணும் இல்லன்னு நினைச்சுட்டேன். டாக்டர் வந்து பாத்துட்டு நடு மூட்டை அசையாம பிடிச்சுக்கிட்டு "நுனியை மட்டும் மடக்குங்கம்மா"ன்னார். மடக்கினேன். அதாவது மனசுல மடக்கினேன், விரல் அப்படியே கிடக்குது. அப்புறம் ஊசியால விரலோட ரெண்டு பக்கமும் தொட்டுப் பாத்தார், கட்டைவிரல் பக்கம் எனக்கு ஒண்ணுமே தெரியல.

"டெண்டனும் போயிருக்கு, ஒரு பக்க நரம்பும் போயிருக்கு"ன்னார். நான் ரொம்ப விவரமா "அப்ப தசையும் வெட்டுப்பட்டிருக்குமா டாக்டர்?"னு கேட்டேன். அவர் சிரிச்சுட்டு, விரல்ல ஏதும்மா தசைன்னார்.

நிஜமாவே இல்லையாம்! விரலை மடக்குற தசை எல்லாம் முன்னங்கையிலயும் உள்ளங்கையிலயும்தான் இருக்கு. இதைப் படிக்கும்போதே ஒரு கையால இன்னொரு கையோட முன்னங்கையைப் பிடிச்சுக்கிட்டு விரல்களை மடக்கிப் பாருங்க, உள்ள உருண்டு ஓடுறது தெரியும். அங்க இருந்து கயிறு மாதிரி டெண்டன் கிளம்பி மணிக்கட்டு வழியா விரல் நுனி எலும்பு வரைக்கும் போகுது. பொம்மலாட்டம் மாதிரிதான், ஆட்டுறவன் மேல இருக்கான், ஆடுறது கீழ. டெண்டன்ங்கிறது தசையைச் சேர்ந்தது இல்ல, இணைப்புத் திசு வகை. தசையை எலும்போட கட்டுனா டெண்டன், எலும்பை எலும்போட கட்டுனா லிகமென்ட்.

ஆனா வெட்டுப்பட்ட இடத்துல தசைத் திசு சுத்தமா இல்லைன்னும் சொல்ல முடியாது. அந்த ரத்தம் தானா குறைஞ்சுதே, அது ஏன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. ரத்தக் குழாயோட சுவர்ல மென்தசைன்னு ஒரு வகை இருக்கு, நம்ம பேச்சைக் கேக்காத தசை. குழாய் முழுசா அறுந்தா அந்தத் தசை சுருங்கி வாயை இறுக்கிக்குது, குழாயும் உள்ள இழுத்துக்குது. பாதி மட்டும் அறுந்த குழாய் இப்படிப் பின்வாங்க முடியாததால சில சமயம் அதுதான் அதிகமா ரத்தம் விடுமாம். குடல்ல சாப்பாட்டைத் தள்ளுறதும், குளிர்ல ரோமத்தைச் சிலிர்க்க வைக்கிறதும் இதே மென்தசைதான். எலும்போட ஒட்டி நாம சொன்னபடி கேக்குற எலும்புத்தசை ஒரு வகை, அதுல 600க்கு மேல இருக்கு. மூணாவது இதயத்தசை, ஒரு நாளைக்கு சுமார் ஒரு லட்சம் தடவை சுருங்கி விரியுது, லீவே கிடையாது.

ஆபரேஷனுக்கு கையை மட்டும் மரத்துப் போக வெச்சதால அவங்க பேசுறது எல்லாம் கேட்டுச்சு. "மேல் முனையைக் காணோம், உள்ளங்கைக்குப் போயிருச்சு"ன்னு ஒருத்தர் சொல்றார். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. டெண்டன் அறுந்தா முன்னங்கைத் தசை சும்மா இருக்குமா, எப்பவும் போல இழுத்துட்டேதான் இருக்கும், அறுந்த கயிறு விருட்டுனு உள்ள போயிடும். அதைத் தேடி வெளியே இழுத்து, கீழ் முனையோட வெச்சுத் தைக்கணும். நரம்பை மைக்ரோஸ்கோப் வெச்சு, தலைமுடியை விட மெலிசான நூலால தைச்சாங்க.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு நிஜமான பயாலஜி கிளாஸ். ஒரே வெட்டு, ஒரே நாள், ஒரே விரல், ஆனா ஒவ்வொரு திசுவும் ஆறுறதுக்கு எடுத்துக்கிட்ட நேரம் வேற வேற.

மொதல்ல முடிச்சது தோலோட மேல் அடுக்கு, அதாவது எபிதீலியம். நல்லா ஒட்டித் தைச்ச காயத்துல ரெண்டு பக்கத்து செல்லும் நகர்ந்து வந்து 48 மணி நேரத்துக்குள்ளயே மேல ஒரு மெல்லிய மூடி போட்டுடுமாம். 12வது நாள் தையல் பிரிச்சாங்க. இந்தத் திசுவுக்கு வேகம் இருக்க காரணம், அதோட வேலையே தேயறது. தோலோட மேல்புறம் சுமார் ஒரு மாசத்துல புதுசாகிடும், குடலோட உள் லைனிங் 3லேர்ந்து 5 நாள்ல புதுசாகிடும். வாய், மூச்சுக்குழாய், மூத்திரப்பை, நுரையீரலோட குட்டிக் காத்துப் பைகள்னு எங்க வெளி உலகமோ ஒரு வெற்றிடமோ இருக்கோ அங்க எல்லாம் இதுதான் மூடி. தேவைக்கு ஏத்த மாதிரி ஆளும் மாறும், காத்துப் பையில ஒரே அடுக்கு, அதுவும் ரொம்ப மெலிசு, ஆக்சிஜன் ஈஸியா உள்ள போகணும்ல, தோல்ல அடுக்கு மேல அடுக்கு. எச்சில், வியர்வை சுரக்குற சுரப்பி எல்லாமே இந்தக் குடும்பம்தான். இதுக்குள்ள ரத்தக் குழாயே கிடையாது, கீழ இருக்கிற இணைப்புத் திசுகிட்ட இருந்து கசிஞ்சு வர்றதுதான் சாப்பாடு. லேசா சிராய்ச்சா எரியும் ஆனா ரத்தம் வராதே, அது இதனாலதான், நரம்பு முனை மேல வரைக்கும் வந்திருக்கும், ரத்தக் குழாய் வந்திருக்காது. இவ்வளவு செல் பிரிஞ்சுட்டே இருக்கிறதுக்கு ஒரு விலையும் உண்டு, பெரியவங்களுக்கு வர்ற புற்றுநோய்ல பெரும்பாலானது எபிதீலியத்துல ஆரம்பிக்கிறதுதான்.

தையல் பிரிச்ச அன்னைக்கு நான் ஆறிடுச்சுன்னு குஷியா இருந்தேன். பிசியோதெரபிஸ்ட் அக்கா "மேல பாத்து ஏமாறாதீங்க, உள்ள டெண்டன் இப்பதான் ரொம்ப வீக்கா இருக்கும்"னு சொல்லிட்டாங்க. ஆறு வாரம் ஸ்ப்ளின்ட் (கை அசையாம பிடிச்சு வைக்கிற கட்டு), 12 வாரம் வரைக்கும் அந்தக் கையால வெயிட் தூக்கக் கூடாது. டெண்டனுக்கு ரத்த ஓட்டம் கம்மி, செல்லும் கம்மி, மத்தது எல்லாம் கொலாஜன் நார்தான். கொலாஜன்தான் நம்ம உடம்புலயே அதிகமா இருக்கிற புரதம். அடிபட்டா அவசரத்துக்கு மொதல்ல மெலிசான ஒரு வகைக் கொலாஜனை அள்ளிப் போட்டு அடைச்சுட்டு, அப்புறம் மாசக்கணக்குல அதைக் கலைச்சுக் கலைச்சு கெட்டியான வகையை நிரப்புது. அப்படியும் தழும்புக்குப் பழைய தோலோட பலம் முழுசா வராது, அதிகபட்சம் 80 சதவீதம். கொலாஜன் சரியா முறுக்கேற வைட்டமின் சி வேணும், அது இல்லாமத்தான் அந்தக் காலத்துக் கப்பல்காரங்களுக்கு ஸ்கர்விங்கிற நோய் வந்து எப்பவோ ஆறின காயம் கூட திரும்பத் திறந்துக்கிச்சு. ஜேம்ஸ் லிண்ட்ங்கிற கப்பல் டாக்டர் 1747ல கப்பல்ல ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து இதைச் சோதிச்சுப் பாத்தார், கொலாஜன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாத காலம்.

இணைப்புத் திசுங்கிற பேருல எவ்வளவு பேரைச் சேத்து வெச்சிருக்காங்கன்னு பாத்தா எனக்கே சிரிப்பு வருது. எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு, டெண்டன், இதெல்லாம் போக ரத்தம்! அக்கா பொண்ணு ஒத்துக்கவே இல்ல, தண்ணி மாதிரி ஓடுறது எப்படி திசு ஆகும்னா. செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தள்ளித் தள்ளி இருக்கும், நடுவுல வேற ஒரு பொருள் நிரம்பி இருக்கும், அதுதான் இந்தக் குடும்பத்தோட அடையாளம். எலும்புல அந்த நடுப்பொருள் கல்லு, ரத்தத்துல அது பிளாஸ்மாங்கிற திரவம்.

இந்த இடத்துல பிஷாவைப் பத்திச் சொல்லாம போக மனசு வரல. ஃபிரெஞ்சு டாக்டர், 1802ல 30 வயசுலயே செத்துட்டார். உடம்பை உறுப்பு உறுப்பா பாக்காம எதால நெய்யப்பட்டிருக்குன்னு பாக்கணும்னு சொல்லி 21 வகைத் திசு பிரிச்சார், அதுவும் மைக்ரோஸ்கோப்பே இல்லாம. வேக வெச்சு, காய வெச்சு, அழுக வெச்சு, ஆசிட்ல போட்டு, எது எப்படி மாறுதுன்னு பாத்தே பிரிச்சிருக்கார். அதுக்கு அவர் வெச்ச 'tissu'ங்கிற ஃபிரெஞ்சு வார்த்தைக்கு நெய்த துணின்னு அர்த்தம். நாம அந்த சத்தத்தை அப்படியே எடுத்து திசுன்னு வெச்சுக்கிட்டோம், இலங்கைத் தமிழ்ல இழையம்னு எழுதுறாங்க, எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு, இழை உள்ளயே இருக்கு பாருங்க.

ஸ்ப்ளின்ட் கழட்டினப்ப முன்னங்கை ஒல்லியா போயிருந்துச்சு. காயமே படாத தசை, வேலை இல்லாததால இளைச்சிடுச்சு. எக்சர்சைஸ் ஆரம்பிச்சு ரெண்டு மூணு மாசத்துல திரும்பிடுச்சு, எலும்புத்தசைக்கு ஓரத்துல ரிப்பேர் செல்லுங்க ரெடியா உக்காந்திருக்கும். இதயத்தசைக்கு இந்த வசதி இல்ல. 25 வயசுல வருஷத்துக்கு சுமார் ஒரு சதவீதம் செல்தான் புதுசாகுது, 75 வயசுல அதுல பாதி கூட இல்ல. ஹார்ட் அட்டாக்ல போன இடம் தழும்பாவே நின்னுடுறது இதனாலதான்.

கடைசி ஆள் நரம்பு. பொறுமைன்னா என்னன்னு காட்டிடுச்சு. விரல் நுனியில தொடுறதை உணர்ற நரம்பு செல்லோட உடல் கழுத்துல, முதுகுத்தண்டை ஒட்டி இருக்கு, அங்க இருந்து ஒரே செல்லோட வாலு விரல் நுனி வரைக்கும் நீளுது, முக்கால் மீட்டருக்கும் மேல. அது அறுந்தா அறுந்த இடத்துக்குக் கீழ இருக்கிறது மொத்தமும் செத்துப் போயிடும், 1850லயே வாலர்னு ஒருத்தர் இதைக் கண்டுபிடிச்சுட்டார். ஆனா வாலைச் சுத்தியிருந்த குழல் அப்படியே இருக்கும், புதுத் துளிர் அந்தக் குழல் வழியா நாளைக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர் ஊர்ந்து போகும். மூளையிலயும் முதுகுத்தண்டுலயும் இந்த அளவுக்குக் கூட வளராது.

துளிர் எது வரைக்கும் வந்திருக்குன்னு கண்டுபிடிக்க பிசியோ அக்கா ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தாங்க. தழும்புல இருந்து நுனியைப் பாத்து விரலை மெதுவா தட்டிட்டே போகணும், ஒரு இடத்துல ஜிவ்வுனு ஷாக் அடிக்கும், அதான் முனை. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அந்த இடத்துல பேனாவால புள்ளி வெச்சு போட்டோ எடுத்தேன். ஒரு வாரம் 6 மில்லிமீட்டர், ஒரு வாரம் 7, ஒரு வாரம் நகரவே இல்லாத மாதிரி, எனக்கு மூடே போயிடும்.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்லல, நானே பாத்தேன். ரொம்ப நேரம் தண்ணில கை வெச்சா விரல் நுனி சுருங்குமே, அது தோல் தண்ணி குடிச்சு ஊறிப் போறதுன்னுதான் நினைச்சிருந்தேன். துணி ஊற வெச்சுட்டு இருந்தப்ப பாத்தா ஒன்பது விரலும் சுருங்கியிருக்கு, இந்த ஒரு விரல்ல மட்டும் பாதி சுருங்கி, கட்டைவிரல் பக்கத்துப் பாதி மொழுமொழுன்னு குழந்தை விரல் மாதிரி இருக்கு. டாக்டர்கிட்ட காட்டினா அசரவே இல்ல, சுருங்குறது நரம்போட வேலைம்மா, நரம்பு சொன்னாதான் உள்ள ரத்தக் குழாய் இறுகும், குழாய் இறுகினாதான் மேல தோல் மடியும்னார். அந்தப் பாதியில வியர்வையும் வராம காஞ்சே கெடந்துச்சு, அதுக்கும் காரணம் இதேதான்.

அதுக்கப்புறம் புள்ளி வைக்கிறதை விட்டுட்டேன், குளிச்சு முடிச்சதும் விரலைப் பாக்குறதே வழக்கம் ஆயிடுச்சு. ஆறாவது மாசம் ஒரு நாள் பாத்தப்ப அந்த மொழுமொழு பாதியில, ஓரத்துல, ஒரே ஒரு கோடு மடிஞ்சிருந்துச்சு.

அக்கா பொண்ணு இதை எல்லாம் கேட்டுட்டு ஒரு பாத்திரத்துல தண்ணி கொண்டு வந்து வெச்சா. கையை உள்ள விடு சித்தி, பாக்கணும்னா.